அரக்கர் வேந்தனின் கடைசி அத்தியாயம் ஒட்டப்பட்டது குறித்து

அனுப்புநர்:
மடிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்,
மருத்துவமனைச் சலவைக்கூடம்,
பாய்லர் அறைக்கு அடுத்த கட்டடம்.

பெறுநர்:
உயர்திரு மண்டல நூலக அலுவலர் அவர்கள்,
மண்டல நூலக அலுவலகம்.

பொருள்: கிளை நூலகத்தில் உள்ள ‘இருட்கோட்டை விளக்கு’ என்னும் நாவலின் கடைசி அத்தியாயம் பசையிட்டு மூடப்பட்டது – மூடியவர் மீது புகார் – உரிய நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இது குறித்து நூலகரிடம் நான் வாய்மொழியாகக் கேட்டதும், அவர் பதில் சொல்லாமல் கை கழுவ எழுந்து போனதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மடிக்கும் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். எதிர்ச்சாரியில் இருக்கும் கிளை நூலகத்தில் நெடுநாளைய உறுப்பினர். எடுத்த புத்தகத்தைத் தவணைக்கு முன்பே திருப்பிக் கொடுத்துப் பழகியவள். இதுவரை யார் மீதும் புகார் எழுதியதில்லை. இப்போது எழுதும்படி ஆகிவிட்டது.

1. மேற்படி நாவலைத் தாங்கள் படித்திருக்க வாய்ப்பில்லை என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயில் எட்டாத ஒரு கோட்டை. அதை ஆள்பவன் கொம்பும் கருஞ்சிறகும் கொண்ட அரக்கர் வேந்தன். ஊரார் அவனோடு செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, கோட்டையில் விளக்கேற்ற ஒரு பெண் அனுப்பப்படுகிறாள். தான் ஏற்றிய விளக்கின் வெளிச்சத்திலேயே அவன் முகத்தைப் பார்த்துவிடுகிறாள். பார்த்ததும் பயம் போய்விடுகிறது. பயம் போன இடத்தில் வேறொன்று வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்கிறது. மனிதப் பெண்ணும் அரக்கனும் சேரக் கூடாது என்பது இரண்டு பக்கத்துக்கும் சட்டம். அவன் வாய் திறந்து அவளைக் கேட்டுவிட்டால் கோட்டை இடிந்து விழும். அவளாகச் சொன்னால் மட்டுமே சாபம் தீரும். ஆனால் சொன்னவள் பிறகு ஊர் திரும்ப முடியாது. கழுத்து வரை ஆசை, வாயில் பூட்டு என்று நானூறு பக்கத்துக்குப் போகிறது கதை. ஆபாசம் என்று சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை. முத்தம் உண்டு. தங்களிடம் அதை மறைக்க நான் விரும்பவில்லை.

2. எங்கள் பிரிவில் சாப்பாட்டு இடைவேளையில் நான் வாய்விட்டுப் படிக்க, மற்ற பெண்கள் கேட்பது வழக்கம். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கேட்கும் குரல் எனக்கு இருப்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இதற்கு முன் எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறோம். ஆனால் இந்தப் புத்தகம் வந்த பிறகு சாப்பாட்டு டப்பாக்கள் திறந்தபடியே ஆறிப்போயின. எங்களில் மூத்தவரான ஓர் அக்கா இருக்கிறார். கஞ்சி போட்ட துணி போல முதுகு வளைக்காமல் நடப்பதால் எல்லோரும் அவரைக் கஞ்சி அக்கா என்போம். பேய், பிசாசு, காதல் மூன்றும் வீண் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். இரண்டாம் அத்தியாயத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

3. பக்கத்து அறையில் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆள் நல்ல உயரம். அனலில் நின்று நின்று கண் எப்போதும் சிவந்திருக்கும். நாவல் தொடங்கிய வாரமே பெண்கள் அவருக்கு அரக்கன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கொம்பு எங்கே என்று கேட்டதற்கு, வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தேன் என்றாராம். உபரி நீராவியை அவ்வப்போது வெளியே விட வேண்டும். விட்டால் சீறும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கூடக் கேட்காது. கதையில் முக்கியமான இடம் வரும்போதெல்லாம் அந்தச் சத்தம் வராமலிருப்பதைக் கஞ்சி அக்காதான் முதலில் கவனித்தார். எட்டிப் பார்த்தால், அவர் வால்வைப் பிடித்தபடி, கதவோரம் காது வைத்து நின்றுகொண்டிருக்கிறார். அத்தியாயம் முடிந்த பிறகுதான் கையை எடுப்பார். உடனே ஆவி சீறும், நாங்கள் எல்லோரும் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்போம். இதில் பாதுகாப்பு விதி எதுவும் மீறப்படவில்லை. அழுத்தமானியில் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் கேட்பார்.

4. நான் கணவரை இழந்து பல வருடங்கள் ஆகின்றன. பாய்லர்காரர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஒருநாள் விளக்குப் பெண் கோட்டைப் படியில் அழுத இடத்தைப் படித்து முடித்து, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை மூடும்போது அவர் வாசலில் வந்து நின்றார்.

“கதையில அவன் கேட்கக் கூடாது. நான் கேட்கலாம்ல? என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

அத்தனை பேர் முன்னால் தப்பித்தால் போதும் என்று, “கதை முடியட்டும், சொல்றேன்” என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டுப் பாய்லருக்குப் போய்விட்டார். மடிப்புப் பிரிவு முழுவதும் இதற்குச் சாட்சி. அன்றிலிருந்து இடைவேளைக்கு இஸ்திரிப் பிரிவும் வரத் தொடங்கியது.

5. இனி புகாருக்கு வருகிறேன். தவணையை நீட்டிக்க வேண்டிப் புத்தகத்தை நூலகத்தில் ஓரிரவு வைக்க வேண்டியிருந்தது. மறுநாள் எடுத்துப் பார்த்தால் கடைசி அத்தியாயத்தின் தாள்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஓரம் பிசகாமல் ஒட்டப்பட்டு ஒரே பலகையாக இருந்தன. உள்ளட்டையில் ‘பழுது நீக்கப்பட்டது’ என்ற முத்திரை. ஐயா, பழுது எங்கே இருந்தது என்பதுதான் என் கேள்வி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேட்டிருக்கிறோம். தாழியை ஒருவர் முத்திரை குத்தி உடைத்தது இதுதான் முதல் தடவை.

6. மேற்படி நூலகர் என் உடன்பிறந்த அண்ணன். இதைச் சொல்லாமல் விட்டால் புகாரில் நேர்மை இருக்காது. கஞ்சி அக்கா புத்தகம் மாற்றப் போனவர், “கதை முடிஞ்சா உங்க வீட்டுல கல்யாணம்” என்று சந்தோஷத்தில் உளறிவிட்டார். தங்கள் உத்தரவில்லாமல் எந்தப் புத்தகத்தையும் அலமாரியிலிருந்து அகற்றக் கூடாது என்பது விதி. என் அண்ணன் விதியை மீறவே மாட்டார். ஆனால் பழுது நீக்க நூலகருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே நீக்கிவிட்டார். இதில் என் மனதை அறுப்பது இன்னொன்று. அந்தப் பசை எங்கள் வீட்டு அடுப்பில் காய்ச்சியது. புத்தகத்துக்குத்தானே என்று, கட்டி தட்டாமல் கிளறி, ஆறவைத்து, மூடி போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

7. இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். ஊர் சிரிக்கும் என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்றேன். “அந்த முடிவு உனக்கு எதுக்கும்மா?” என்று கேட்டார். பிறகு கை கழுவப் போய்விட்டார். அண்ணி காலமான பிறகு அந்த மேசையில் நாங்கள் இருவர் மட்டுமே. நான் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்ற நாளில் ஏன் வந்தாய் என்று கேட்காதவர் அவர். என் தட்டில் பரிமாறாமல் தன் தட்டில் கை வைத்ததில்லை. ஊர் சிரிப்பது பற்றி அவருக்குக் கவலையில்லை, ஐயா. தனியாகச் சாப்பிட அவருக்குப் பயம். இது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இந்த மனுவின் நகலைப் படித்தால் தெரிந்துவிடும்.

8. தாள்களைப் பிரிக்க நாங்கள் எடுத்த முயற்சியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கறை, பசை, பிடிவாதம் எதுவும் ஆவிக்கு முன்னால் நிற்காது என்றார் கஞ்சி அக்கா. பாய்லர்காரர் மெல்லிய ஆவியாகத் திறந்துவிட்டார். முதல் சில தாள்கள் அழகாகப் பிரிந்தன. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஈரத்தில் தாள் சுருங்கியிருந்தது. சலவைக்காரிக்குச் சுருக்கத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. அடியிலும் மேலேயும் வரும்படி ஒரு வெள்ளை விரிப்பை மடித்துப் போட்டு, ஈரக் காலருக்குச் செய்வது போலச் சூட்டு அழுத்தியில் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டேன். சுருக்கம் போயிற்று. கூடவே எழுத்தும் போயிற்று. மை முழுவதும் விரிப்புக்கு மாறிவிட்டது. இன்னும் பிரியாத தாள்கள் சூட்டில் இறுகி, முன்னைவிட நன்றாக ஒட்டிக்கொண்டன. நாங்கள் புத்தகத்தைப் பார்த்துத் திகைத்து நின்ற நேரத்தில், பழக்கதோஷத்தில் யாரோ அந்த விரிப்பை மடித்து வண்டியில் அடுக்கிவிட்டார்கள்.

9. அது எலும்பு முறிவுப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த ஒருவர், விரிப்பில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிவதைக் கண்டு செவிலியரிடம் கைக்கண்ணாடி கேட்டிருக்கிறார். படித்துவிட்டு, அடுத்த விரிப்பு எப்போது வரும் என்று கேட்டாராம். தலைமைச் செவிலியர் எங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசிய மொழியை இந்த மனுவில் சேர்க்க முடியாது. எந்த விரிப்பும் கடைசியில் சலவைக்கூடத்துக்குத்தான் திரும்பி வர வேண்டும். அழுக்கு மூட்டையோடு இதுவும் வந்தது. முகம் கழுவும் இடத்தில் உள்ள கண்ணாடி முன்னால் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்ள, நான் படித்தேன். அரக்கர் வேந்தன் கோட்டைக் கதவைத் தானே திறந்துவிட்டு, உடன்படிக்கை முடிந்தது, நீ போகலாம் என்கிறான். ஒரு முத்தம். அவள் கையில் விளக்கோடு வாசற்படியில் நிற்கிறாள். பிறகு விரிப்பின் ஓரத் தையல் வந்துவிட்டது.

10. பெண்கள் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். நான் பாய்லர் அறைக்குப் போய், முடிவு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

“பரவாயில்ல, காத்திருக்கேன். கை மட்டும் கொஞ்சம் வலிக்குது” என்றார் அவர்.

அப்போதும் அவர் வால்வைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், நான் பேசுவது கேட்க வேண்டும் என்று. அந்த நேரத்தில் எனக்கு அண்ணன் கேட்டது நினைவுக்கு வந்தது. அந்த முடிவு எனக்கு எதற்கு? உள்ளே போனாள் என்று எவரோ அச்சடித்துக் கொடுத்தால்தான் நானும் போவேனா? அந்தப் புத்தகத்தை நான் அனுமதிச் சீட்டாக வைத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

“வால்வை விட்டுடுங்க. நான் உங்களோட வரேன்” என்றேன்.

விட்டுவிட்டார். ஆவி சீறிய சீறலில் அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இதையெல்லாம் கேள்விப்பட்ட கஞ்சி அக்கா, முடிவு எங்களுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார். விளக்குப் பெண் ஊருக்குத் திரும்பியிருந்தால் என் அண்ணன் ஏன் ஒட்டப்போகிறார் என்பது அவர் வாதம். இந்தப் புத்தி கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஒரு விரிப்பு பிழைத்திருக்கும்.

ஆகவே, மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு, அடியிற்கண்டவற்றை உத்தரவிட வேண்டுகிறேன்:

(அ) வேறு கிளையிலிருந்து ஒட்டாத பிரதி ஒன்றை வரவழைத்துத் தர வேண்டும். எனக்கு அவசரமில்லை. எலும்பு முறிவுப் பகுதியில் இருப்பவருக்கு அவசரம். கட்டுப் பிரிப்பதற்குள் தெரிய வேண்டும் என்கிறார். அழிந்த பிரதிக்கு நானே பொறுப்பு.

(ஆ) நூலகர் மீது துறை நடவடிக்கையோ இடமாற்றமோ கூடாது. அவரைப் போல் புத்தகத்தைக் காப்பவர் கிடைக்கமாட்டார். ஒட்டியதில் கூட ஒரு தாள் மடங்கவில்லை. தண்டனை தேவையென்றால், எங்கள் சாப்பாட்டு இடைவேளைக்கு வந்து அந்தக் கடைசி அத்தியாயத்தை முத்தம் உட்பட அவர் வாயாலேயே படிக்கச் சொல்ல வேண்டும். சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

(இ) இதுதான் முக்கியம். வரும் மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை பதிவு அலுவலகத்தில் எங்கள் திருமணம். என் பக்கத்துச் சாட்சியாக அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் விருப்பம். பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் விடுப்பு எடுத்ததில்லை. இப்போதும் தாமாகக் கேட்கமாட்டார். வாய் திறந்து கேட்டால் எதுவோ இடிந்துவிடும் என்று நினைக்கும் ஆட்கள் கோட்டையில் மட்டும் இல்லை. அவர் கேட்காவிட்டாலும் அன்று அரை நாள் விடுப்பு அளித்து, எடுத்தே தீர வேண்டும் என்று எழுத்து மூலம் ஆணையிட வேண்டும். எழுத்தில் இருந்தால் கீழ்ப்படிவார். நாங்கள் குடியேறப்போகும் வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. அங்கே மேசைக்கு மூன்று நாற்காலி வாங்கியாயிற்று என்பதையும் ஆணையில் ஒரு வரியாகச் சேர்த்தால் பெரிய உபகாரமாக இருக்கும். நான் சொன்னால் அவர் எழுந்து கை கழுவப் போய்விடுகிறார்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
(கையொப்பம்)
மடிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்

இடம்: சலவைக்கூடம், மடிப்பு மேசை
நாள்: புதன்கிழமை, சாப்பாட்டு இடைவேளை

இணைப்பு: படுக்கை விரிப்பு ஒன்று. எழுத்து அழியக் கூடாது என்பதால் துவைக்கவில்லை. கிருமி நீக்க ஆவி காட்டப்பட்டுள்ளது. கண்ணாடி முன் பிடித்துப் படிக்கவும். மருத்துவமனைச் சொத்து என்பதால் திருப்பி அனுப்பவும்.

நகல்: கிளை நூலகர் அவர்களுக்கு – இன்று இரவு, சாப்பாட்டு மேசையில், அவர் தட்டுக்கு அடியில்.