வெள்ளை டின்னுக்கும் ஊற்றிய பாசித் தண்ணீர்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
9-11-1969

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா முத்தமும் ஆசீர்வாதமும் சொல்லி எழுதிக்கொண்டது. மாதா தயவில் நாங்கள் இங்கே சுகம் என்று கை தானாக எழுதிவிட்டது, ‘நாங்கள்’ என்பதை அடித்து ‘நான்’ என்று போட்டிருக்கிறேன், பார்த்துவிட்டு அழாதே. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், கைக்கு என்ன தெரியும். நீ லூதியானா போய்ச் சேர்ந்ததாகப் போட்ட கார்டு வந்தது. அங்கே குளிர் இறங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஹாஸ்டல் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகாதே, உன் அம்மா இல்லை என்பதற்காக உன்னைக் கேட்க ஆளில்லை என்று நினைக்காதே. இங்கே ஒரு வாரமாக மழை. சமையற்கட்டு மூலையில் ஒழுகுகிறது, அவள் வைக்கிற அலுமினியக் குண்டானைத்தான் நானும் வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை நடந்தது. சாமியார் அடைக்கலமேரி என்று பேரைச் சொன்னபோது எனக்கு யாரையோ சொல்கிற மாதிரி இருந்தது. வியாசர்பாடியிலிருந்து உன் மாமா ராசையா குடும்பத்தோடு வந்திருந்தான். பூசை முடிந்து காசிமேட்டுக் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம், காற்றில் நிற்கவே இல்லை. திரும்பி வரும்போது நம் சிலுவையம்மாள், எண்ணூரிலிருந்து மீன் கூடையோடு உன் ஆராய்ச்சிக்குக் கடற்பாசியும் கொண்டுவந்து போடுவாளே அவள்தான், என் கூடவே அழுதுகொண்டு நடந்தாள். அழுகைக்கு நடுவில் அவள் ஒன்று சொன்னாள் ஜெசி. அதைக் கேட்டு நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

பாசியை வேகவைத்து வடித்த தண்ணீரில் செடியை வளர்க்கிற சத்து இருக்கிறது, நம் உப்புக்காற்றில், கடற்கரை மண்ணிலேயே அதைச் சோதிக்க வேண்டும் என்று பொங்கல் லீவில் வந்தபோது நீ மொட்டைமாடியில் இருபத்து நாலு எண்ணெய் டின்னில் வெண்டை போட்டுவிட்டுப் போனாய். சிவப்புப் பெயின்ட் அடித்த பன்னிரண்டுக்குப் பாசித் தண்ணீர், வெள்ளை அடித்த பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று அம்மாவுக்கும் எனக்கும் பத்து தடவை சொன்னாய். ஊற்றுவது அவள் வேலை, ஞாயிறு பூசை முடிந்து வந்து அளந்து எழுதுவது என் வேலை. ஹார்பரில் இருபத்தாறு வருஷம் கப்பல் சரக்குக்கு டாலிக் கணக்கு எழுதினவன் நான், ஒரு மூட்டை தவறினதில்லை. அதே திமிரோடுதான் உன் நோட்டிலும் கோடு போட்டு எழுதினேன். எழுதினதில் ஒரு பிழையும் இல்லை மகளே. சிவப்பும் வெள்ளையும் ஒரே உயரம் வளர்ந்தன, அதையே எழுதினேன். ஏன் ஒரே உயரம் என்று இந்த மரமண்டை கேட்கவில்லை.

சிலுவையம்மாள் சொன்னது இதுதான். நீ சொல்லிவிட்டுப் போனது தினம் ஒரு கூடைப் பாசி. மேரியக்கா, உன் அம்மாதான், செடி முளைத்த முதல் வாரத்திலேயே, “எனுக்கு ரெண்டு கூட வோணும் சிலுவ, அவுருக்குத் தெரிய வோணாம்” என்று கேட்டு வாங்கினாளாம். எதுக்குக்கா என்றதற்கு, “ஒரே வரிசையில குந்த வெச்சிட்டு ஒருத்தனுக்குக் கறிசோறு, ஒருத்தனுக்குப் பச்சத் தண்ணியா? பந்தி வஞ்சகம் பண்ணா அந்தோணியாரு என்னிய வுடுவாரா? புள்ள படிச்ச புள்ள, ஏதோ சொல்லிட்டுப் பூட்ச்சி. அந்த வெள்ள டப்பா வாடறத என் கண்ணால பாக்க முடில” என்றாளாம். வருஷா வருஷம் அந்தோணியார் அசன விருந்தில் இலை போட்டுப் பரிமாறினவள் அவள். பெரிய வீட்டுப் பிள்ளைக்கும் தெருவில் திரிகிற பிள்ளைக்கும் ஒரே கரண்டி, ஒரே அளவு. அந்தக் கையால் வேறு எப்படி ஊற்ற முடியும்? இருபத்து நாலு டின்னுக்கும் பாசித் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறாள். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தாள், அது மட்டும் சத்தியம்.

ஆகஸ்டில் உன் கடிதம் வந்ததே, இரண்டும் ஒரே உயரம், பாசித் தண்ணீரில் ஒன்றுமில்லை, மூன்று வருஷ வேலை வீண், பெரிய வாத்தியாரும் அப்படியே எழுதி முடித்துவிடு என்கிறார் என்று. அதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அப்புறம் மூன்று நாள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி, “இன்னாய்யா, அத்த மறுக்கா செஞ்சி பாக்க முடியாதா? அது நெசமாவே ஒண்ணும் இல்லாததுன்னு எப்டிய்யா சொல்ற?” என்று. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். “உனக்கு இன்னா தெரியும், சும்மா கெட” என்று கத்தினேன். அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. சோறு குறைந்தது, தூக்கம் குறைந்தது, வயசாகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். டாக்டர் நெஞ்சு பலவீனம் என்றார். நெஞ்சில் என்ன இருந்தது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, தெரிந்து என்ன பிரயோசனம்.

நான்கு நாளாக இந்தக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். சொல்லாமலே விட்டுவிடலாமா, பிள்ளை மனசில் செத்துப்போன தாயைப் பற்றி ஏன் ஒரு குறை என்று நினைத்தேன். ஆனால் இந்த மாதக் கடைசியில் நீ ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். ஒன்றுமில்லை என்று நீ எழுதினால் அது பொய்யாகப் போய்விடும், உன் படிப்பும் அதோடு போகும், அதற்குப் பிறகு பாசியை யாரும் தொடமாட்டார்கள். அதனால் கடிதம் கிடைத்த அன்றே பெரிய வாத்தியாரிடம் போ. டின்னுக்குக் காவல் இருந்த என் தகப்பன் இன்னாசி, புத்தி கெட்டு எல்லாவற்றுக்கும் பாசித் தண்ணீரை ஊற்றிவிட்டான், அந்தக் கணக்கு செல்லாது, மறுபடி செய்ய ஆறு மாசம் வேண்டும் என்று சொல். எழுதிக் கேட்டால் என் பேரை எழுதிக் கொடு. அவள் பேர் வேண்டாம். உன்னிடம் மட்டும் நிஜத்தைச் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்கு என் பேரே போதும். அவளுக்கு ஊற்றத்தான் தெரியாமல் போயிற்று. எனக்கு, முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவள் வாய் திறந்து ஒரு தப்பைச் சொல்லக்கூடிய புருஷனாக இருக்கத் தெரியவில்லை. அவள் உனக்குப் பயந்து மறைக்கவில்லை ஜெசி, எனக்குப் பயந்துதான் சொல்லாமல் போய்ச் சேர்ந்தாள்.

வெண்டை விதையை ரிஜிஸ்தர் தபாலில் மறக்காமல் அனுப்பு, டின்னெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெள்ளைக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்றுவேன், வாடினாலும் ஊற்றுவேன். சிலுவையம்மாளிடம் ஒரு கூடைதான் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி செபத்தில் அம்மாவுக்கு ஒரு அருள்நிறைந்த மரியே சொல். ஆண்டவரும் மாதாவும் அந்தோணியாரும் உனக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. இன்னாசி