பவளத்துக்கு மருந்து கொடுத்த கோடை

இன்று காலை ராமநாதபுரம் போகும் பேருந்தில், வழியில் ஏறிய ஒருவர் என் காலடியில் ஒரு பசுந்தீவனக் கட்டை வைத்தார். அப்போதுதான் அறுத்த குதிரைமசால். வெயில் பட்டதும் அதிலிருந்து ஈரமும் இனிப்புமாக ஒரு வாசம் எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த வயல்கள் மெல்லக் கரைந்துபோயின. நான் உன் தீவில் நின்றுகொண்டிருந்தேன். கண் கூசும் மணல். ஓலைக் கொட்டகை. அதற்குள் செம்பழுப்பாக உன் குதிரை பவளம், அவள் கழுத்தில் கன்னத்தை வைத்தபடி நீ.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இருந்தும் உன்னிடம் சொல்லாதவரை எதுவும் நடந்து முடிந்ததாக எனக்குத் தோன்றுவதில்லை.

பள்ளி விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தவர்கள் நாம். பிறகு நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஆடு மாடு பார்க்கும் மருத்துவரானேன். நீ ராமேசுவரத்துக்கே திரும்பிப் போய், உன் அய்யாவைப் போலவே கடலுக்குப் போகிற ஒருவரைக் கட்டிக்கொண்டாய். அப்புறம் ஒருநாள், மதுரையில் கல்யாண ஊர்வலங்களில் நடந்து களைத்த ஒரு குதிரையை வாங்கி வந்து, சுற்றுலா வரும் பிள்ளைகளைக் கடற்கரையில் ஏற்றிச் சுற்றத் தொடங்கினாய். படகுக்காரன் பொண்டாட்டிக்குக் குதிரை எதற்கு என்று தெருவே சிரித்தது. "படகுலதான் என்னைய ஏத்திக்க மாட்டாங்க. இவ ஏத்திக்குவா" என்றாய்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் போன் செய்தாய். "டாக்டரே, பவளத்துக்கு என்னமோ பண்ணுதுடி. கொள்ளு வச்சா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறா. வயித்துல சேண வார் கட்டப் போனா கடிக்க வாரா. எந்நேரமும் பல்ல நறநறன்னு கடிக்கிறா. ஒரு எட்டு வாடி."

பாம்பன் பாலத்தின் மேல் பேருந்து ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கடல். பேருந்து நிற்பது போலவும் கடல்தான் எங்களைக் கடந்து போவது போலவும் இருந்தது. ஆடு மாட்டுக்குப் பழகிய என் கைக்குக் குதிரை அதிகம் பழக்கமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பவளத்தின் விலா எலும்புகள் தெரிந்தன. ரோமத்தில் மினுமினுப்பு போயிருந்தது. நின்ற இடத்திலேயே அடிக்கடி தன் வயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அங்கே யாரோ கூப்பிடுவது போல. உன் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "திமிரு தங்கச்சி. ஒரு புரோக்கர் கேக்குறாரு, குடுத்துருவோம்னா இவ கேக்க மாட்டேங்குறா" என்றார். நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வயிற்றுப்புண் என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகத்துக்கும் நோய்க்கும் நடுவே நிறைய இடம் கிடக்கிறது. பல்லில் கூர் ஏறியிருக்கலாம். பூச்சி இருக்கலாம். கடற்கரையில் தரையோடு புல் தின்கிற குதிரை மணலையும் விழுங்கியிருக்கலாம். வாயைத் திறந்து பார்த்தோம், பல்லில் குறையில்லை. பூச்சிக்கு நீ அப்போதுதான் மருந்து கொடுத்திருந்தாய். பிறகு சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வைத்துவிட்டு இருவரும் வாளிக்கு இரு பக்கமும் குந்தினோம். ஓலை இடுக்கு வழியே வந்த வெயில் தண்ணீருக்குள் இறங்கியது. பச்சையும் மஞ்சளுமாகத் துகள்கள் சுழன்று சுழன்று அடங்கின. ஏதோ கனவின் அடியைப் பார்ப்பது போல நாம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அடியில் ஒரு சிட்டிகை மணல்கூடத் தங்கவில்லை.

"அப்ப வயித்துப்புண்ணுதானா?"

"இருக்கலாம். உள்ள குழாய் விட்டுப் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும். அதுக்குச் சென்னைக்குக் கொண்டு போகணும். அதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்கப் பட்டினி போடணும்."

"பட்டினியும் போட்டு, லாரியிலயும் ஏத்தி, அம்புட்டுத் தூரம் ஆட்டிக்கிட்டுப் போயி... புண்ணப் பாக்கப் போறமா, வாங்கியாரப் போறமாடி?"

நீ கேட்டதில் நியாயம் இருந்தது. குதிரையின் வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். நாளெல்லாம் மேய்வதற்கென்றே பிறந்த உயிர் அது. உன் பவளமோ காலையில் ஒரு தடவை கொள்ளு, இருட்டியபின் ஒரு தடவை, நடுவே வெறும் வயிற்றோடு மணலில் ஓட்டம் என்று இருந்தாள். இதைச் சொன்னபோது நீ தலையாட்டினாய். கால் வலிக்கு ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டதும் மாடத்திலிருந்து ஒரு பொடி டப்பாவை எடுத்து வந்தாய். முன்பு நொண்டியபோது யாரோ தந்த வலி மருந்து. நல்லதுதானே என்று அதை நிறுத்தாமல் போட்டு வந்திருக்கிறாய்.

"இதுவே வயித்தப் புண்ணாக்கும்" என்றேன்.

நீ மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். பவளம் குனிந்து உன் தலைமுடியை மோந்தாள். "நாந்தான் ஊட்டிவிட்டேன், மாதாவே" என்று மட்டும் சொன்னாய்.

உன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பந்தயக் குதிரைகளுக்குக் கொடுக்கிற அமிலம் குறைக்கும் மருந்தை வரவழைக்கலாம். ஒரு மாதம் கொடுப்போம். தேறினால் புண்தான் என்று வைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் சென்னைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். "ஆனா பாக்காம வைத்தியம் பண்ண எனக்குப் பயமா இருக்குடி."

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். "தோமையார் மாதிரி காயத்துல வெரல விட்டாத்தான் நம்புவியாக்கும்? குடுப்போம். ஆனா மருந்த மட்டும் நம்பி உக்கார வேணாம். இவ பொழப்பயும் மாத்துவோம்."

பள்ளிக்கூட விடுமுறை, கடற்கரை நிறையக் கூட்டம். உன் வீட்டுக்காரர் கத்தினார். "சீசன்ல குதிரைய நிறுத்தி வச்சுத் தடவிக்கிட்டு இருக்கப் போறியா?"

"ஆமா."

அந்த ஒரு சொல்லோடு சவாரி நின்றது. வலிப்பொடி நின்றது, கொள்ளு குறைந்தது. தினமும் மருந்து கொடுத்தபின் எந்நேரமும் வாய்க்கெட்டும் தூரத்தில் புல் கிடந்தது. குதிரைமசால் எங்கெங்கிருந்தோ பேருந்தேறி வந்தது. ஆனாலும் முதலில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஒரு மத்தியானம் அவள் படுத்துப் புரளுகிறாள் என்று அழைத்தாய். நான் வந்து சேர்ந்தபோது அவளைக் கையில் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டிருந்தாய். கச்சான் காற்று மேற்கிலிருந்து மணலை வாரி இறைத்தது. அந்த மணற்புகைக்குள் நீங்கள் இருவரும் தெரிந்தும் மறைந்தும் வந்தீர்கள். குடலில் சத்தம் கேட்கிறதா என்று வெகுநேரம் காது வைத்திருந்தேன். கேட்டது. வெயில் தாழ்ந்தபோது வலி தணிந்தது.

பிறகு ஒருநாள் போனில் முதலில் உன் சிரிப்புதான் வந்தது, அப்புறம்தான் பேச்சு. "கொட்டகைக் கூரைய மேஞ்சுட்டாடி! ஓலையெல்லாம் உருவித் தின்னுட்டு, வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறா!" அந்த வாரமே வார் கட்டவும் விட்டாள். மருந்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தினோம். புண் இருந்ததா என்று நாம் கடைசிவரை கண்ணால் பார்க்கவே இல்லை.

நீ போனது ஐப்பசி மழையில். தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன வண்டி பாலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மாசி மாதம் உன் வீட்டுக்காரர் அழைத்தார். "தங்கச்சி, பவளம் திங்க மாட்டேங்குது. அந்த மருந்த வரச் சொல்லவா?" அவர் அவளை விற்கவில்லை. புரோக்கர் வந்தபோது வாசலோடு அனுப்பிவிட்டாராம்.

போய்ப் பார்த்தேன். முன்னால் புல் தொடாமல் கிடந்தது. ஆனால் பல் கடிக்கவில்லை, வயிற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, வார் இழுத்தபோதும் சும்மா நின்றாள். உன் வீட்டுக்காரர் விடியுமுன் கடலுக்குப் போகிறார். பகலெல்லாம் கொட்டகையில் ஒரு குரலும் இல்லை. மருந்து எழுதப் போன கையை நிறுத்தினேன்.

"ரெண்டு நாள் பாப்போம்ணே. பல்லக் கடிச்சாலோ படுத்தாலோ உடனே கூப்பிடுங்க, ஓடி வாரேன்."

"அதுவரைக்கும் என்ன செய்ய?"

"கரைக்கு வந்ததும் வலைய இங்கன கொண்டாந்து பழுது பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போய் வலையை அள்ளி வந்து, அவள் காலருகே விரித்து உட்கார்ந்தார். கிழிசலைத் தேடிக்கொண்டே, காற்று எப்படி, மீன் எப்படி, இன்று யார் படகு பழுது என்று பேசத் தொடங்கினார். என்னோடு அல்ல, அவளோடு. தயங்கித் தயங்கி, பழக்கமில்லாத ஒருவரின் பேச்சு. வெகுநேரம் அவள் காது மட்டும் அசைந்தது. பிறகு தலை தாழ்ந்தது. ஒரு வாய் புல்லை இழுத்து, அவரையே பார்த்தபடி மென்றாள். அவர் பேச்சை நிறுத்தவில்லை. கண்ணீர் மட்டும் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மருந்து தேவைப்படவில்லை.

அவள் படுத்துப் புரண்ட அந்த மத்தியானம், இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்று உன்னிடம் சொன்னேன். "தெரியலன்னு சொல்லிட்டுப் போயிராம கூடவே நிக்கிறேல்ல, அது போதும்டி" என்றாய். இப்போதெல்லாம் ஆட்டையோ மாட்டையோ ஓட்டிக்கொண்டு யாராவது கலங்கிப்போய் வருகிறார்கள். தெரியாதபோது, தெரியவில்லை என்கிறேன். சொல்லிவிட்டு அவர்கள் பக்கத்திலேயே நிற்கிறேன்.