தகரக் கூரைக்குச் சாம்பல் நிறம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்குப் படியேறும்போது மட்டும் முழங்கால் வலி எட்டிப் பார்க்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைத்தாயா என்று எழுது. எனக்கு லீவு கிடைத்துவிட்டது, பத்தாம் தேதி கிளம்பி வருகிறேன். துள்ளிக் குதித்து எழுத வேண்டிய சேதி, ஆனால் மூன்று நாளாக மனசு குமட்டிக்கொண்டே இருக்கிறது, உன்னிடம் கொட்டாமல் தீராது.

எங்கள் அலுவலகத்தில் நகர வரைபடத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, எங்கே வீடு, எங்கே கடை, எந்தத் தெருவில் எவ்வளவு வண்டி என்று எல்லாம் புதிதாகக் குறிக்க வேண்டும். இதை எந்த முறையில் செய்வது என்று நான்கு கூட்டம் போட்டார்கள். போன தடவை மாதிரித் தெருத்தெருவாக நடந்து பார்த்து எழுதலாம் என்றேன். வானத்திலிருந்து எடுத்த படத்துக்குக் கம்ப்யூட்டரே நிறம் போட்டுவிடும், தெருவுக்கு ஒரு நாள் வண்டி எண்ணினால் போதும் என்றார் எங்கள் அதிகாரி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்', மேலிடம் எதைச் சொன்னாலும் அதுதான் அவர் வாயில் வரும். ஆறு மாதத்தில் வேண்டும் என்றார்களாம், ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நடந்து பார்க்க ஒன்றரை வருஷம் ஆகும், அதனால் அது சரியான முறை இல்லையாம். முறையைத் தேர்ந்தெடுத்த லட்சணம் இவ்வளவுதான், இதற்கு நான்கு கூட்டம், நான்கு தட்டு பிஸ்கட்.

வந்த படத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து முழுக்கச் சாம்பல் நிறம், அதாவது கிடங்கு. அங்கே அறுபத்திரண்டு குடும்பம் இருக்கிறது, போன தடவை வாசல் வாசலாக அளந்தவளே நான்தான், ஒரு தையல்காரப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். தகரக் கூரை என்றால் கிடங்கு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "மேலேர்ந்து பாத்தா ஆளா தெரியும், தகரந்தானேம்மா தெரியும்" என்று அதிகாரி என்னிடமே கேட்கிறார். சந்துக்கு முன்னால் போகும் தெருவில் வண்டி எண்ணியதோ, குழாய் பதிக்க இரண்டு பக்கமும் மறித்திருந்த நாளில். எண்ணப் போனவர் அதைப் பார்த்தும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து மாலை வரை ஏழு சைக்கிள் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், பட்டியலில் அன்றைக்குத்தான் அந்தத் தெருவாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், இங்கே அதற்குத் தாளித்துக் கொட்டி அறிக்கையே எழுதிவிட்டார்கள். ஆளில்லாத சந்து, வண்டியில்லாத தெரு, ஆகவே புதிதாகப் போடப்போகும் லாரிப் பாதைக்கு இதுவே தோதான இடமாம். வரைபடத்தில் வீடு என்று இல்லாவிட்டால் நாளைக்கு இடிக்க வரும்போது அவர்கள் மாற்று இடம் கேட்கக்கூட வழியில்லை.

அந்த அறிக்கைக்கு மேலே வைக்க ஒரு தாள் உண்டு, எல்லாம் நேரில் போய்ச் சரிபார்க்கப்பட்டது என்று. அதில் என் கையெழுத்து வேண்டும். இரண்டு வாரம் போடவில்லை. செவ்வாய்க்கிழமை அதிகாரி கூப்பிட்டு, அந்தத் தாளையும் என் லீவு விண்ணப்பத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மிரட்டினாலாவது சண்டை போட்டிருப்பேன். "பொண்ணுக்கு மொதப் பிரசவம், நீங்க பக்கத்துல இருக்க வேணாமா" என்று அக்கறையாகத்தான் கேட்டார், தன் பேனாவையே நீட்டினார். நான் அந்தத் தாளில் போட்டேன், பிறகு அவர் என் லீவில் போட்டார். வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா, "ஊர்ல நடக்காததா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கப் போய்விட்டார். அவரையும் என்னவென்று சொல்வது, இத்தனை பேரைத் திட்டி எழுதிவிட்டேன், கையெழுத்து என்னுடையதுதானே. எனக்கு என்னைப் பார்த்தால்தான் சீ என்றிருக்கிறது.

நீ இதை நினைத்து மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, படியில் வேகமாக இறங்காதே, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருங்கள். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். எங்கள் அம்மா பொய்க்குக் கையெழுத்துப் போடவே மாட்டாள் என்று உன் மாமியாரிடம் பெருமை பேசுவாயே, நான் அங்கே இருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்காதே.

பத்தாம் தேதி கிளம்பும்
உன் அம்மா