பதினான்குக்குப் பதினான்கு

2017 பெப்ரவரி 12, ஞாயிறு. காலை 6.40.
இருக்க வேண்டியவை பதினான்கு. இருந்தவை ஒன்பது.

சுஹைர் நானாவின் மீன்பிடிப் போட்டில் நான் வைத்த அவசரப் பரலை, மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாயைத்தான் சொல்கிறேன். கூடப்பிறந்த மூத்தவர் என்பதற்காக எண்ணிக்கையை மாற்றி எழுத முடியாது. காணாதவை: டோர்ச், கத்தி, நெருப்புப்பெட்டி, பிஸ்கட் பக்கற் இரண்டு.

"இது அவசரத்துக்கு வச்சது நானா."

"பசிக்கிறது அவசரமில்லையாடா?"

நானாவோடு தொழிலுக்குப் போகும் பாறூக் வாயோரத்துப் பிஸ்கட் தூளைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறான். இரண்டு வருடம் எஞ்சின் வேலை படித்துவிட்டு வந்த நான் சொல்வதை ஆலங்குடாக் கரையில் யார் கேட்கிறார்கள்?

பெப்ரவரி 13
ஐந்தையும் திரும்ப வைத்தாயிற்று.

பெப்ரவரி 26, ஞாயிறு
பதினொன்று. இந்த முறை தண்ணீர்ப் போத்தல் இரண்டும் காலி. கத்தியை மீன் வெட்ட எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்ப வைக்கவில்லை. மர்ளியா மதினியிடம் முறையிட்டால் அவரும் சிரிக்கிறார். "தம்பி போட்டுக்குள்ளயே கட போட்டுத் தந்திரிக்கிறான் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியறாரு, நீங்க வேற."

மார்ச் 5
முடிவு கட்டிவிட்டேன். பதினான்கையும் திரும்ப நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி, விளிம்பில் எஞ்சினுக்குப் பூசும் சிலிகன். அதற்கு மேல் மோட்டர் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு சுற்று. அதற்கும் மேல் குழாய் இறுக்கும் ஹோஸ் கிளிப் இரண்டை இணைத்துப் போட்டு, ஸ்குரூ டிரைவரால் முழுப் பலத்தோடு முறுக்கினேன். உண்மையான அவசரம் என்றால் போட்டின் டூல்ஸ் பெட்டியில் ஸ்குரூ டிரைவர் இருக்கிறது. வெறும் பசிக்கு அதைத் தேடி எடுத்து முறுக்கிக்கொண்டிருக்க நானாவுக்குப் பொறுமை வராது.

"என்னடா, இதுக்குள்ள மதினிட நகையா வச்சிரிக்கிய?" என்றார்.

கசிகிறதா என்று பார்க்க, என் கராஜ் தண்ணீர்த் தொட்டியில் பரலைக் கல் ஏற்றி அமுக்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் 6
திறந்து பார்த்தேன். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. அதேபோல் திரும்ப முறுக்கிப் போட்டில் கட்டினேன்.

ஏப்ரல் 3
கிளிப் அசையவில்லை. இனி எண்ணத் தேவையில்லை.

ஏப்ரல் 19, புதன்
நேற்று விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் போன போட்டு இன்னும் வரவில்லை. நானாவும் பாறூக்கும். நேற்று மத்தியானம் தெற்கிலிருந்து ஒரு காற்று எழும்பியது.

கரையில் எல்லாரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "பரல் இரிக்கிதானே?" இருக்கிறது. பதினான்கும் இருக்கிறது. தண்ணீர், பிஸ்கட், விசில், முகம் பார்க்கும் கண்ணாடி, செம்மஞ்சள் துணி. மூன்று நாள் தாங்கலாம். மதினிக்கும் அதையே சொன்னேன். அவர் என்னை நம்பினார்.

ஏப்ரல் 20
பதினொரு போட்டு தேடுகிறது. நானும் போனேன். ஒன்றுமில்லை.

ஏப்ரல் 21, வெள்ளி
பாறூக் உயிரோடு கிடைத்துவிட்டான். பரலைக் கட்டிப்பிடித்தபடி.

நானா இல்லை.

ஏப்ரல் 22
பரலைக் கராஜுக்குக் கொண்டுவந்தேன். கிளிப் நான் முறுக்கிய இடத்திலேயே நிற்கிறது. டியூபில் பல் பட்ட தடம். ஸ்குரூ டிரைவரைப் போட்டுக் கழற்றினேன் — அரை நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் தரையில் பரப்பி எண்ணினேன். பதினான்கு. பிழையாக எண்ணியிருப்பேன் என்று திரும்பவும். பதினான்குக்குப் பதினான்கு. ஈரம் இல்லை. நெருப்புக்குச்சி ஒன்றை உரசிப் பார்த்தேன். பற்றியது.

கத்தியும் உள்ளேதான். யா அல்லாஹ், கத்திய உள்ள வச்சிப் பூட்டின மடையன் யாரு? நான்தானே. நான்தான்.

ஏப்ரல் 23
ஆஸ்பத்திரி. பாறூக்கின் உதடு வெடித்துக் கிடக்கிறது. மெல்லத்தான் பேசினான். ஒரே அலையில் போட்டு கவிழ்ந்ததாம். டூல்ஸ் பெட்டி கடலடியில் போய்விட்டது. பரல் மட்டும் கட்டறுந்து மிதந்தது.

"ரெண்டாம் நாள் பின்னேரம் அஸர் நேரம் ஒரு பெரிய போட்டு போச்சி தம்பி. ஆளு நிக்கிறதுகூடத் தெரிஞ்சிச்சி. கையத்தான் காட்டினோம். வேற என்னத்தக் காட்ட?"

கண்ணாடி உள்ளே. விசில் உள்ளே. துணி உள்ளே.

"நானா பல்லால கடிச்சாரு. நகமெல்லாம் பேந்து ரெத்தம். அப்பயும் சிரிக்கிறாரு மனிசன். 'எங்கட தம்பி இறுக்கினா இறுக்கினதுதான்டா பாறூக்' எண்டு."

மூன்றாம் நாள் காலையில் நானாவின் கை நழுவியது. நான் தேடிக்கொண்டிருந்த அதே காலை.

"மதினிக்கி நான் இத சொல்லல்ல. சொல்லவும் மாட்டன். நீங்களும் வாயத் தொறக்காதீங்க."

ஏப்ரல் 28, வெள்ளி
ஜும்ஆவுக்குப் பிறகு, மையித்து கிடைக்காமலே, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை. பாறூக் கண்ணால் கண்ட சாட்சி. அதனால் மதினி விதவைக்குரிய இத்தா இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாளைக்கு என் முன்னால் வரமாட்டார். அறை வாசலில் திரை போட்டிருக்கிறது. நான் வந்த சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பேசினார்.

"தம்பி, பரல்ல தண்ணி இரிந்திச்சே. அவரு குடிச்சிரிப்பாரா?"

"ஓம் மதினி."

"பிஸ்கட்டும்?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்."

அவ்வளவுதான். மதினி அழவுமில்லை. இரண்டு தரம் ஓம் சொன்ன வாய் இது. எப்படி வந்தது?

ஏப்ரல் 30
முத்தலிபு காக்கா இன்னும் ஆறு போட்டுக்காரரோடு கராஜுக்கு வந்தார். "பாறூக்கக் காப்பாத்தின பரல் மாதிரி எங்களுக்கும் ஒண்டு ஒண்டு. அதே மாதிரி இறுக்கிப் பூட்டித் தரணும் தம்பி." போட்டுக்காரர்களின் பெண்கள் மதினியைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருத்தியிடமும் மதினி சொல்கிறாராம்: "அவரு தாகத்தோட போகல்ல. எங்கட தம்பி வச்ச தண்ணி குடிச்சிட்டுத்தான் போனாரு."

சரியென்று தலையாட்டினேன்.

மே 2, செவ்வாய்
ஏழு பரலும் வாங்கி வந்தாயிற்று. ஒன்றிலும் கை வைக்கவில்லை. செய்ய வேண்டியவை:

1. இன்று பாறூக்கிடம் போவது. எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று சொல்வது.

2. நாளை அஸருக்குப் பிறகு, கரையில் யாருக்கும் சொல்வதற்கு முன்னால், மதினி வீடு. உம்மாவை உள்ளே அவர் பக்கத்தில் இருக்கச் சொல்வது. "குடிக்கல்ல மதினி. அவரால தொறக்க ஏலாமப் போச்சி. பூட்டினது நான்." இதற்கு மேல் ஒரு விளக்கமும் சொல்லக் கூடாது.

3. திரைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும்வரை நிற்பது. என்ன சத்தம் வந்தாலும் நிற்பது.