பாதி விலைக் கோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் கடைக்குட்டி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டி வலி தேவலையா?

நீங்கள் சொன்னபடி சிக்கனமாகத்தான் இருக்கிறேன். பழைய துணிக் கடையில் குளிர்கோட்டு ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. "இதைப் போட்டிருந்தவ இனிமே வரமாட்டா, தைரியமா எடுத்துக்கோ" என்றார் கடைக்கார அக்கா.

கோட்டுப் பையில் தமிழில் ஒரு சீட்டு இருந்தது: "போயிட்டு வரேன்." கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்களே, அவளுக்கும் அப்படி ஓர் அம்மா இருந்திருக்கிறார்.

இங்கே மழையே இல்லை. ஆனாலும் தினமும் காலையில் ஆணியில் தொங்கும் கோட்டின் தோள் நனைந்திருக்கிறது. அறையில் ஈரம் அதிகம், வேறொன்றுமில்லை.

என் பழைய சால்வையை உடனே அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

இன்று அந்தச் சீட்டில் "வந்துட்டேன்" என்றிருக்கிறது. நான்தான் முதலில் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது.