தொப்பியைத் தொடும் விதம்

ஜூன் 4, 1951. வில்ட்ஷர்.

இன்று நான் சொல்லாமல் விட்டவை இரண்டு.

ஒன்று: எங்கள் இயக்குநர் பெட்டிஃபர், "யோவ் தோட்டக்காரா, இந்த ஏணியைப் பிடி" என்று ஒருவரை அதட்டினாரே, முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டுக்காரரை — படப்பிடிப்புக்கு மாளிகையைக் கொடுத்த பிரபுவே அவர்தான். கூடத்து ஓவியங்களில் நாலு தலைமுறையாக அதே மூக்கு.

இரண்டு: நான் நீதிபதி ஆல்சப்பின் மகள் இல்லை. என் குடும்பப் பெயரையும் பேச்சையும் வைத்து பெட்டிஃபரே அப்படி நினைத்துக்கொண்டு உதவியாளர் வேலை கொடுத்தார். தன் தேநீர் மேஜையில் நாற்காலியும் கொடுத்தார். என் அப்பா ஸ்விண்டனில் நிலக்கரி மூட்டை சுமக்கிறவர். படப்பிடிப்பைப் பார்க்க வரட்டுமா என்று எழுதியிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.

ஜூன் 6

பிரபு என்னை ரோஜாச் செடிகளுக்கு நடுவே மடக்கினார். "கண்டுபிடிச்சிட்ட இல்ல? சொல்லிடாதேம்மா. பொறந்ததிலேருந்து என்னை யாரும் வேலை வாங்கினதே இல்ல. நல்லா இருக்கு!"

ஜூன் 7

காட்சிக்கு மறைக்கிறதென்று புதர்வேலியை வெட்டச் சொன்னார் பெட்டிஃபர். "பிரபுவைக் கேட்டுட்டு வரேன் சார்" என்று போன பிரபு, ஒரு சுருட்டுப் பிடித்துவிட்டுத் திரும்பினார்.

"முடியாதுன்னுட்டாரு சார்."

"சரியான சிடுமூஞ்சி போல. அந்தாளுகிட்ட எப்படித்தான் குப்பை கொட்றியோ!"

"பழகிப்போச்சு சார்."

சிரிப்பை அடக்க இருமினேன்.

ஜூன் 9

பிரபுவைப் படத்திலும் தோட்டக்காரனாகவே நடிக்க வைத்துவிட்டார் பெட்டிஃபர். படத்துப் பிரபு கடந்துபோகும்போது தொப்பியைத் தொட்டு மரியாதை செய்ய வேண்டும். அவ்வளவுதான். அது வரவில்லை! தலையை லேசாக அசைக்கத்தான் வந்தது — ஏதோ வரம் கொடுப்பதைப் போல. திரும்பத் திரும்ப எடுத்தோம்.

"வேலைக்காரனுக்குப் பணிவே வரலைன்னா எப்படிய்யா? போ, வேற ஆளைப் பார்க்கிறேன்."

பிரபுவின் முகம் வாடிவிட்டது. நான் எப்படி எழுந்து அவர் முன்னால் போனேன்? தெரியாது.

"ரெண்டு விரல் தொப்பி நுனியில. கண்ணு அவர் முகத்துல இருக்கக் கூடாது. மேல்பொத்தான்ல இருக்கணும். இப்படி."

"மிஸ் ஆல்சப், நீதிபதி வீட்டுல இதையா சொல்லிக்கொடுத்தாங்க?"

"நீதிபதி யாரோ சார். எங்கப்பா நிலக்கரி சுமக்கிறவர். வாசல் வாசலா இதைச் செய்யறவர்."

கேமரா மறுபடி ஓடியது. பிரபு தொப்பியைத் தொட்டார். அச்சு அசல் அப்பா.

ஜூன் 10

வேலை இருக்கிறது. நாற்காலிதான் இல்லை. விளக்குக்காரர்களோடு தகரக் குவளையில் தேநீர். இங்கேதான் அது சூடாக இருக்கிறது.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன் — வாங்க.

டிசம்பர் 12. லண்டன்.

படத்தின் முதல் திரையிடல். தோட்டக்காரர் யாரென்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அப்பா என் காதோரம், "பிரபுவா வர்றவன் சும்மா வேஷம். அந்தத் தோட்டக்காரன் மட்டும் அசல் நம்ம ஆளும்மா" என்றார்.

வெளியே பிரபு நின்றிருந்தார், அதே ஒட்டுப்போட்ட கோட்டில். அப்பாவைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டார் — கண் மேல்பொத்தானில்.

அப்பா தலையை லேசாக அசைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.