யோஸ்ட்டின் ஏழாம் அத்தியாயம்

நவம்பர் 4, செவ்வாய்

காலை முழுவதும் காற்று. குப்பைவாளி பக்கத்து வீட்டு வாசலில் கிடந்தது. மூன்று மணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அதற்கு முன்: அரிசி, யோஸ்ட்டின் முழங்காலுக்கு மருந்து, அம்மாவுக்குப் போன்.

தபாலில் அவனுடைய புத்தகத்தின் அச்சுப்படி, அச்சடிக்க முன் சரிபார்க்கப் பதிப்பகம் அனுப்பியது. என் மனுசன், நெதர்லாந்திலும் இங்கே டென்மார்க்கிலும் உதைபந்து விளையாடியவன். முழங்கால் போனபின் பத்திரிகையில் வாரப் பத்தி, பிறகு தொலைக்காட்சியில் ஆட்டங்களைப் பற்றிக் கதைக்கிற வேலை, இப்போது புத்தகம். அவனுடைய டேனிஷ் பிழைகளை எப்போதும் நான்தான் திருத்துவேன். ஏழாம் அத்தியாயம் மட்டும் என்னிடம் வரவேயில்லை. முதலில் அதைத் திறந்தேன்.

மன்னார். படகு. தம்பி. பதினொரு பக்கம்.

வேலைக்குப் பிந்திப் போனேன். இதுவே முதல் தடவை.

நவம்பர் 5, புதன்

தமிழில் எழுதுகிறேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நல்லது.

இந்தியாவுக்குப் படகில் போனபோது எனக்குப் பத்து வயது. தம்பி என் கையிலிருந்துதான் நழுவினான். அம்மாவுக்கு அது தெரியாது. அலை அடித்துக்கொண்டு போனது என்று மட்டும் தெரியும்.

யோஸ்ட்டுக்கு ஏன் சொன்னேன்? சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டாம் வருடம். திரைச்சீலையை மூடிவிட்டு சோபாவிலேயே கிடந்தான். குளிப்பில்லை, பேச்சில்லை. இப்படி ஒன்று நடந்த பிறகும் மனிதர் எழும்பி வேலைக்குப் போகலாம் என்று காட்டத்தான் சொன்னேன். மறுநாள் எழும்பிக் குளித்தான். நான் சொன்னதைத்தான் இப்போது புத்தகமாக்கியிருக்கிறான்.

கேட்டேன். அன்போடு எழுதியது என்றான். என் பெயரை மாற்றிவிட்டானாம். மன்னாரில் பிறந்து ஒல்லாந்து ஆட்டக்காரனைக் கட்டியவள் டென்மார்க்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

புத்தகத்தில் அதுதான் மிக நல்ல அத்தியாயம் என்று பதிப்பகத்து லோன சொன்னாளாம்.

"நல்ல அத்தியாயம்தான். ஆனா உன்ர இல்லை," என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. லோன எனக்கே போன் எடுத்தாள். பஞ்சு மாதிரிக் குரல். அடுத்த வெள்ளி தொலைக்காட்சியில் யோஸ்ட்டும் நானும் சேர்ந்து வரவேண்டுமாம். என்னைப் பார்த்துப் பல பேருக்குத் துணிவு வருமாம். வேலை என்றேன். என் மேலாளரிடம் தானே கதைப்பதாகச் சொன்னாள். விடுமுறை தந்தாலும் வரமாட்டேன், அந்தப் பதினொரு பக்கமும் அச்சாகக் கூடாது என்றேன். குசினியில் யோஸ்ட் கோப்பி இயந்திரத்தைப் போட்டான், கேட்காமல் இருக்க.

ஒப்பந்தம், அச்சகம், திகதி என்கிறான். இரவுச் சாப்பாடு தனித்தனியே. திரும்பவும் அதே சோபாவில் படுத்தான். எனக்குப் பயம் வந்தது. ஆனாலும் விடப்போவதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து தனியே ஹொல்ஸ்டெப்ரோவுக்கு, அக்கா வீடு. அம்மா அங்கேதான். புட்டு, கத்தரிக்காய்.

புத்தகத்தில் படகு வருகிறது என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். "விடு. ஆர் உந்தப் புத்தகத்தை வாசிக்கப் போகினம்?" என்றாள். உன்ர பிள்ளைகள் வாசிப்பார்கள், பிறகு அம்மாவிடம் கேட்பார்கள் என்றேன். பாத்திரம் கழுவப் போனாள்.

யாரோ சொல்லி அம்மா அறியக் கூடாது. பக்கத்தில் போய் இருந்து எல்லாம் சொன்னேன். கை, நழுவியது, நான் கத்தாமல் இருந்தது. நாற்பது வருடமாக வாயில் வராதது, ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு கேட்டா: "அவன்ர கை குளிர்ந்து கிடந்ததோ?"

"இல்லையம்மா. சூடாத்தான் இருந்தது."

"ம்."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தா. நான் வெளிக்கிடும்வரை விடவில்லை.

நவம்பர் 12, புதன்

யோஸ்ட்டிடம் சொன்னேன். முகம் மலர்ந்தது. அம்மாவுக்கும் தெரியுமென்றால் இனி என்ன தடை என்றான்.

எரிச்சல். அம்மாவுக்குச் சொன்னது நாட்டுக்குச் சொன்னதாகுமா? ரகசியம் என்பதற்காகத் தடுக்கவில்லை. என்னுடையது, அவ்வளவுதான்.

அச்சுப்படியை மேசையில் விரித்தேன். அவன் சோபாவில் கிடந்த இரண்டு வருடத்துக்கு நாலு வரி. "கடினமான காலம்" என்று இரண்டு சொல். மற்றபடி கோல், கோப்பை, பயிற்சியாளர்.

"எனக்குப் பதினொரு பக்கம், உனக்கு நாலு வரி. உன்ரதை எழுதப் பயந்துதான் என்ரதை எடுத்தனி."

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். கடற்கரைப் பக்கம் போயிருப்பான். நொண்டிக்கொண்டு திரும்பியவன் லோனவுக்குப் போன் எடுத்தான், என் முன்னாலேயே. ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடு என்றான். அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள். அவன் "இல்லை, இல்லை" மட்டும்.

புத்தகம் இனி வசந்தத்தில்தானாம். வெள்ளி தொலைக்காட்சிக்கு யோஸ்ட் தனியே போகிறானாம். என்னோடு கோபம். இருக்கட்டும்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். காலையில் என் கோப்பைக்குப் பக்கத்தில் புதிய ஆறு பக்கம், திருத்துவதற்கு. திரைச்சீலை, நாறும் சட்டை, நான் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை அவன் குப்பையில் கொட்டிப் பொய் சொன்னது. எனக்கே தெரியாதது அது. பிழைகள் நிறைய. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன்.

மாலை வேலை. இல்லத்துக் கூடத்தில் தொலைக்காட்சி. திரையில் அவன் தனியே இருந்தான், நீலச் சட்டை. நிகழ்ச்சி நடத்துகிறவர் சுற்றிவளைத்து மனைவியின் போர்க்காலத்துக்கு வந்தார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அது அவளுடையது," என்றான் யோஸ்ட். "நான் சோபாவில் கிடந்ததைச் சொல்கிறேன்."

ஆட்டம் பற்றி மூச்சுவிடாமல் கதைப்பவன், சொல் தேடித் தடுமாறினான். கூடத்தில் யாரோ இருமினார்கள்.

ஒலியைக் கூட்டினேன்.